ஐயாயிரம் ரூபாயும் மதியம் இரண்டு மணி நேரமும்: எதில் தொடங்கலாம்?

தீபாவளி முடிந்த வாரம் திருப்பூரிலிருந்து அக்கா மகள் கூப்பிட்டாள். அவள் கணவருக்குப் பனியன் கம்பெனியில் போனஸ் வந்திருக்கிறது. கைமாற்றுக் கடனை அடைத்து, துணிமணி எடுத்து, ஊருக்கு வந்து போன செலவும் கழிந்து ஐயாயிரம் ரூபாய் மிச்சம் நிற்கிறது. "சித்தி, கையில் வைத்திருந்தால் கரைந்துவிடும். வீட்டுக்கு உபயோகமாக எதிலாவது போட்டுவிட வேண்டும். கிரைண்டர் வாங்கட்டுமா, தையல் மெஷின் வாங்கட்டுமா, மாடித்தோட்டம் போடட்டுமா?" என்று கேட்டாள். ஆசைகள் அந்த மூன்றோடு நிற்கவில்லை. ஒயர் கூடை பின்ன வேண்டும், வருகிற கோடையில் வடாம் போட வேண்டும் என்று இன்னும் இரண்டையும் சேர்த்துக்கொண்டாள்.

அவள் இருப்பது வாடகை வீடு, முதல் மாடி. நான்கு வயதில் ஒரு பெண் குழந்தை. மொட்டை மாடி உண்டு, ஆனால் சாவி கீழே குடியிருக்கும் வீட்டுக்கார அம்மாவின் இடுப்பில். குழந்தை பிறந்த பிறகு வேலையை விட்டவள். மதியம் குழந்தை தூங்கும் இரண்டு மணி நேரம்தான் அவளுக்கென்று இருக்கிறது.

இந்த ஐந்தையும் திருச்சியில் இந்த இருபது வருடத்தில் நானும் செய்து பார்த்திருக்கிறேன். சிலவற்றில் காசு மிஞ்சியது, சிலவற்றில் கைக்காசு போனது. "நாளைக்குச் சொல்கிறேன்" என்று தொலைபேசியை வைத்துவிட்டுப் பழைய வரவுசெலவு நோட்டுகளை எடுத்து உட்கார்ந்தேன். இனி நான் சொல்லும் விலைகள் எங்கள் தெரு விலைகள். உங்கள் ஊரில் கொஞ்சம் கூடக் குறைய இருக்கும்.

ஒவ்வொன்றிடமும் இரண்டு கேள்விகள் கேட்டேன். இந்தப் பொருளுக்காக அவள் வீட்டிலிருந்து இப்போதே மாதா மாதம் பணம் வெளியே போகிறதா? இரண்டு மாதத்தில் அலுத்துப்போய் விட்டுவிட்டால் எவ்வளவு நஷ்டம்? வீட்டில் செய்தால் எல்லாமே மிச்சம்தான் என்று பொதுவாகச் சொல்லிவிடுகிறோம். வாங்காமலே இருந்த ஒரு பொருளை வீட்டில் செய்யத் தொடங்கினால் மிச்சம் எங்கிருந்து வரும்? அது புதுச் செலவுதான்.

மாவு

முதல் கேள்விக்கு ஆம் என்று சொன்னது மாவு ஒன்றுதான். அவள் வீட்டில் வாரத்துக்கு இரண்டரைக் கிலோ மாவு செலவாகிறது. கடையில் கிலோ 50 ரூபாய் என்றால் வாரம் 125, மாதம் 500.

வீட்டில் அரைத்தால் என்ன ஆகும்? நாலுக்கு ஒன்று என்ற கணக்கில் 800 கிராம் இட்லி அரிசி, 200 கிராம் முழு உளுந்து, ஒரு தேக்கரண்டி வெந்தயம். அரிசி கிலோ 50 ரூபாய் என்று வைத்தால் 40, உளுந்து கிலோ 140 என்று வைத்தால் 28, உப்புக்கும் வெந்தயத்துக்கும் இரண்டு ரூபாய். மொத்தம் 70. இதில் ஏறக்குறைய இரண்டரைக் கிலோ மாவு காணும். வாரத்துக்கு 55 ரூபாய் மிச்சம், மாதத்துக்கு 220.

இங்கேதான் எனக்கே கொஞ்சம் திடுக்கென்றது. இரண்டு லிட்டர் டேபிள் டாப் கிரைண்டர் 4,500 ரூபாய் என்றால், போட்ட பணம் திரும்பி வர இருபது மாதம் ஆகிறது. வாங்கிய அன்றே லாபம் என்று நாம் மனதில் வைத்திருக்கும் கணக்கு சரியில்லை. ரேஷன் அரிசியைச் சேர்த்தால் காலம் சுருங்கும். 2011 ஜூன் முதல் தமிழ்நாட்டில் ரேஷன் அரிசி இலவசம். அந்தப் புழுங்கலரிசியையும் இட்லி அரிசியையும் பாதிக்குப் பாதி போட்டு அரைத்தால் இட்லி நன்றாகவே வருகிறது. கல் பார்க்க வேண்டும், நாலைந்து தண்ணீர் கழுவ வேண்டும், அவ்வளவுதான். அப்படிச் செய்தால் வார மிச்சம் 75 ரூபாய், கிரைண்டர் விலை பதினைந்து மாதத்தில் வந்துவிடும்.

கரண்டுக்குப் பயப்படுகிறவர்களுக்காக ஒரு கணக்கு. அந்தச் சின்ன கிரைண்டரின் மோட்டார் பெரும்பாலும் 150 வாட். நாற்பது நிமிடம் ஓடினால் பத்தில் ஒரு யூனிட். 750 வாட் மிக்ஸியைக் கால் மணி நேரம் ஓட்டினால் அதைப்போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. இரண்டு மாதத்துக்கு முதல் நூறு யூனிட் இலவசமாக இருக்கும் மாநிலத்தில் இதை ஒரு செலவாகவே எழுத வேண்டியதில்லை.

அப்படியானால் மிக்ஸி எதற்கு? சோதித்துப் பார்ப்பதற்கு. வாரம் ஒருநாள் ஊறவைத்து, அரைத்து, கரைத்து வைக்கும் பழக்கம் அவளிடம் நிற்கிறதா என்று பார்க்க 4,500 ரூபாய் தேவையில்லை, அவளிடம் இருக்கும் மிக்ஸியே போதும். மிக்ஸியில் அரைத்தால் இட்லி கல்லாகிறது என்பார்கள். சூட்டில் உளுந்து பொங்காமல் போவதுதான் காரணம். உளுந்தைக் குளிர்சாதனப் பெட்டிக்குள்ளேயே ஊறவைத்து, ஐஸ் தண்ணீர் தெளித்து, கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டு, நடுவில் நிறுத்தி நிறுத்தி அரைக்க வேண்டும். அளவையும் நாலுக்கு ஒன்றிலிருந்து மூன்றுக்கு ஒன்றாக மாற்றிக்கொள்ள வேண்டும். உளுந்து கூடுவதால் மிச்சம் கொஞ்சம் குறையும். தோசையில் வித்தியாசமே தெரியாது. இட்லி கிரைண்டர் இட்லி அளவுக்கு வராது, ஆனால் குழந்தை தட்டைத் தள்ளிவிடாது. அரைத்த உளுந்து மாவில் ஒரு சொட்டு எடுத்துத் தண்ணீரில் போட்டால் மிதக்க வேண்டும். மூழ்கினால் இன்னும் இரண்டு சுற்று.

இதெல்லாம் எழுதிக்கொண்டிருக்கும்போது ஒன்று நினைவுக்கு வந்தது. 2011 செப்டம்பரில் தொடங்கி அரசு விலையில்லா மிக்ஸி, கிரைண்டர், மின்விசிறி கொடுத்தது அல்லவா? அக்கா வீட்டுக்கும் வந்தது. அவளிடம் ஏற்கெனவே பெரிய கிரைண்டர் இருந்ததால் இதைப் பிரித்ததாகவே நினைவில்லை. உடனே அக்காவைக் கூப்பிட்டேன். "பரணில்தான் கிடக்கிறது, குழவி இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்" என்றாள். பார்த்தாள், இருந்தது. பெல்ட் மட்டும் இற்றுப்போயிருந்தது. கிரைண்டர் பிறந்த கோயம்புத்தூர் திருப்பூருக்குப் பக்கத்து ஊர்தான். அந்த ஊர் கிரைண்டருக்குப் புவிசார் குறியீடே உண்டு. அங்கே பெல்ட் கிடைக்காமலா போகும்?

தையல் மெஷின்

அவள் மனம் உண்மையில் இதன் மேல்தான். "சித்தி, காதர்பேட்டையில் கட் பீஸ் கிலோ கணக்கில் கிடைக்கிறது, மெஷின் மட்டும் இருந்தால் பாப்பாவுக்குத் துணியே வாங்க வேண்டாம்" என்றாள். திருப்பூரில் இருப்பவளுக்கு இப்படித் தோன்றுவது இயற்கை. ஆனால் அந்தக் கட் பீஸ் பெரும்பாலும் பனியன் துணி. பனியன் துணி இழுத்தால் இழுபடும். வீட்டில் வைக்கும் சாதாரண மிதி மெஷினில் சாதாரண ஊசி போட்டுத் தைத்தால் தையல் விட்டுவிட்டு விழும், ஓரம் அலையலையாக நெளியும். அதற்கு முனை மழுங்கிய ஊசி வேண்டும், ஓரம் அடிக்க ஓவர்லாக் வேண்டும், இவை எல்லாவற்றையும்விடப் பழகிய கை வேண்டும். அவள் கணவர் கம்பெனியில் இவை எல்லாம் இருக்கின்றன. வீட்டு வராந்தாவில் இருக்காது.

தையலில் எங்கே பணம் போகிறது என்று பார்த்தால், எங்கள் தெருவில் சாதா ரவிக்கைக்கு 200, லைனிங் வைத்தால் 400. புடவைக்கு பால்ஸ் வைத்து ஓரம் அடிக்க நூறு. பிரித்துப் பிடிப்பது, கை குறைப்பது, ஜிப் மாற்றுவது என்று சில்லறை வேலைகள் முப்பதிலிருந்து எழுபது வரை. அவள் வருடத்துக்கு ஆறு ரவிக்கை தைக்கிறாளாம். எல்லாவற்றையும் கூட்டினால் வருடத்துக்கு இரண்டாயிரத்துச் சொச்சம். மாவில் மிஞ்சுவதும் ஏறக்குறைய இவ்வளவுதான். ஆனால் மாவு முதல் வாரத்திலேயே மிச்சம் காட்டும். ரவிக்கை அப்படியில்லை. கைக்குழியும், உடம்பு வளைவுக்குப் பிடிக்கும் டாட் மடிப்பும் கைக்கு வர எனக்கு ஒரு வருடம் ஆனது, அதற்குள் நாலு துணி வீணானது. அதில் ஒன்று நாத்தனார் ஆசையாகக் கொடுத்த பட்டுத்துணி. அந்தக் கதையை இன்றும் வீட்டு விசேஷங்களில் சொல்லிச் சிரிக்கிறார்கள்.

என் முதல் மெஷினைப் புதிதாகத்தான் வாங்கினேன். முதல் எட்டு மாதம் அது மடித்த துணி வைக்கும் மேஜையாக இருந்தது. பிறகு பழைய பருத்திப் புடவையில் தலையணை உறை தைக்க ஆரம்பித்ததும்தான் சக்கரம் ஓடியது. ஐந்தரை மீட்டர் புடவையில், நைந்துபோன நடுப்பகுதியை ஒதுக்கினாலும் நாலு உறை வரும். நேர்கோட்டுத் தையல் தவிர எதுவும் தெரிய வேண்டாம். தவறினாலும் தலையணை புகார் சொல்லாது. அடுத்து கைப்பிடித் துணி, மளிகைப் பை. 2019 ஜனவரி முதல் தேதியிலிருந்து பிளாஸ்டிக் பை தடை என்றான பிறகு எங்கள் தெருவில் பாதிப் பேர் கையில் இருந்தது நான் பழைய ஜன்னல் திரையில் தைத்த பைகள்தான்.

மெஷின் வேண்டும் என்றால் பழையது வாங்கலாம். கறுப்பு நிற இரும்பு மெஷின்கள் தலைமுறை தாண்டி ஓடும். எங்கள் பக்கம் நல்ல நிலையில் 3,000 முதல் 3,500 வரை கிடைக்கிறது. திருப்பூரில் பழைய மெஷின்களுக்குப் பஞ்சமில்லை. பவர் மெஷினைக் காட்டி ஆசை மூட்டுவார்கள், அதன் வேகம் பழகாத கைக்கு ஆகாது, அதன் சத்தத்துக்குக் குழந்தையும் தூங்காது. வாங்கும்போது ஒரு துண்டுத் துணியை எடுத்துப்போய் இரண்டு பக்கமும் தைத்துப் பார்க்க வேண்டும். அடிப்பக்கம் நூல் வளையம் வளையமாகத் தொங்கினால் பெரும்பாலும் மேல்நூல் தளர்ந்திருப்பதுதான் காரணம், திருகிச் சரிசெய்துவிடலாம். சக்கரத்தைக் கையால் சுற்றும்போது நடுவில் ஓரிடத்தில் முட்டினால் விலை எவ்வளவு குறைந்தாலும் திரும்பிப் பார்க்காமல் வந்துவிட வேண்டும்.

இன்னொரு வழியும் உண்டு, என் அக்கா மகளுக்கு அது பொருந்தாவிட்டாலும் இதைப் படிக்கும் யாருக்காவது உதவலாம். சத்தியவாணி முத்து அம்மையார் நினைவு இலவசத் தையல் இயந்திரத் திட்டத்தில் கணவரை இழந்த பெண்கள், கைவிடப்பட்டவர்கள், மாற்றுத்திறனாளிகள், வருமானம் குறைந்த பெண்கள் ஆகியோருக்குச் சமூகநலத் துறை மெஷின் தருகிறது. வயது வரம்பும் வருமான வரம்பும் உண்டு, தையல் தெரியும் என்பதற்குச் சான்று கேட்பார்கள். மாவட்டச் சமூகநல அலுவலகத்தில் விசாரிக்க வேண்டும்.

மாடித்தோட்டம்

நான் அதிகம் காசு விட்டதும் இதில்தான், இன்றும் விடாமல் செய்வதும் இதைத்தான். அதனால் என் தீர்ப்பில் கொஞ்சம் பாசம் கலந்திருக்கும்.

2022-இல் பத்துப் பைகளோடு தொடங்கினேன். பை, தென்னைநார்க் கழிவு, செம்மண், மண்புழு உரம், விதை, வேப்பெண்ணெய், நிழல்வலை எல்லாம் சேர்த்து 3,800 ரூபாய். அந்த வருடம் பறித்த காயையும் கீரையையும் சந்தை விலைக்குக் கணக்குப் போட்டால் 1,400 தேறியது. மறு வருடம் ஜூலையில் தக்காளி விலை கிலோ நூறு ரூபாயைத் தாண்டியது. சென்னையில் ரேஷன் கடைகளிலேயே கிலோ 60 ரூபாய்க்குத் தக்காளி விற்கும் நிலைமை. நான் நாலு தக்காளிச் செடி வைத்திருந்தேன். தெருவே என் மாடியைப் பொறாமையோடு பார்த்த அந்த மாதத்தில்தான் வெள்ளை ஈ வந்து, இலை சுருண்டு, நாலும் காய்க்காமல் நின்றன. வேப்பெண்ணெயும் சோப்புக் கரைசலும் கலந்து தெளித்தேன். சுருண்ட இலை நிமிரவில்லை. அந்த நோய் வந்த செடியைப் பிடுங்கிப் போட்டுவிடுவதுதான் வழி என்று பிறகு கற்றுக்கொண்டேன்.

காய்ச்செடிகளில் மிச்சம் பிடிப்பது கடினம். ஒரு பையில் ஒரு கத்தரி, ஒரு பையில் ஒரு வெண்டை என்று வைத்தால் ஒரு குடும்பத்தின் ஒரு வேளைக் கூட்டுக்குக்கூட ஒரே நாளில் காய் சேராது. இன்று இரண்டு வெண்டை, நாளை மறுநாள் மூன்று வெண்டை. முதல் இரண்டு வாடுவதற்குள் அடுத்தது வர வேண்டும் என்று காத்திருந்து குளிர்சாதனப் பெட்டியில் சேர்த்து வைப்போம். கீரையும் வாசனைச் செடிகளும் வேறு கதை. புதினா, கொத்தமல்லி, கறிவேப்பிலை, பச்சை மிளகாய் இந்த நாலும் கைப்பிடி அளவுதான் வேண்டும், கடையிலோ கட்டாக வாங்க வேண்டும், பாதி அழுகிவிடும். அழுகுகிற பாதிதான் நமக்கு மிச்சம்.

அவளுக்கு இருக்கும் தடை சாவி. சாவி கிடைத்தாலும் பாரம் என்று ஒன்று இருக்கிறது. இருபது லிட்டர் வாளி நிறையச் செம்மண்ணை நனைத்தால் முப்பது கிலோவுக்கு மேல். பத்து வாளி என்றால் நாலைந்து ஆள் எப்போதும் மாடியில் நிற்பது போல. மண்ணைக் குறைத்து நார்க்கழிவைக் கூட்டினால் பாரம் பாதியாகும், ஆனால் நீர் கசிந்து தளம் ஊறினால் வீட்டுக்கார அம்மா வாடகையைப் பற்றிப் பேச ஆரம்பிப்பார். கோடையில் இரண்டு வேளையும் தண்ணீர் விட வேண்டும், நாலு நாள் ஊருக்குப் போனால் எல்லாம் போச்சு. தோட்டக்கலைத் துறை சில ஆண்டுகளில் பை, நார்க்கட்டி, விதை எல்லாம் சேர்ந்த மாடித்தோட்டத் தொகுப்பைப் பாதி விலை மானியத்தில் கொடுத்திருக்கிறது. அது வரும்போது வாங்குவது நல்லது. வருமட்டும் அடுப்படி ஜன்னல் போதும்.

ஜன்னலில் என்ன வளரும்? அஞ்சறைப் பெட்டியில் இருக்கும் வெந்தயத்தை ஓரிரவு ஊறவைத்து, அடியில் துளை போட்ட பழைய தட்டில் நாலு விரல் உயரம் மண் போட்டுத் தூவினால் மூன்றாம் நாள் முளைக்கும், இருபது நாளில் பறிக்கலாம். விதைச் செலவு இரண்டு ரூபாய். சமையலுக்கு வாங்கிய புதினாவின் இலையைக் கிள்ளிக்கொண்டு தண்டை ஒரு தம்ளர் தண்ணீரில் வைத்தால் ஒரு வாரத்தில் வேர் விடும். கொடிப்பசலைக்கு ஒரு முழத் தண்டு யாரிடமாவது கேட்டால் போதும், ஜன்னல் கம்பியைச் சுற்றி ஏறும், பூச்சியும் அதை அவ்வளவாகத் தொடாது. கொத்தமல்லி விதையை மட்டும் இரண்டாக உடைத்துப் போட வேண்டும். முழுதாகப் போட்டுவிட்டு "விதை சரியில்லை" என்று கடைக்காரரைத் திட்டியவர்களில் நானும் ஒருத்தி. அரிசிச் சாக்கைப் பையாக்கலாம் என்று யோசனை சொல்வார்கள். ஒரு கோடை வெயிலில் அது நார்நாராக உதிர்ந்துவிடும், அந்தத் தூளைப் பொறுக்குவது தோட்ட வேலையைவிடப் பெரிய வேலை.

கூடையும் வடாமும்

ஒயர் கூடையைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. காய்கறி வாங்கும் அளவுள்ள ஒரு கூடைக்கு எனக்கு மூன்று கட்டு ஒயர் பிடித்தது, கட்டு 60 ரூபாய், ஆக 180. அதே கூடை கடையில் 350. சாதா முடிச்சில் தொடங்கினால் பத்துப் பன்னிரண்டு மதியங்களில் முடியும். சிவன் கண், நெல்லிக்காய் என்று வேறு முடிச்சுகளுக்குப் போனால் இன்னும் கூடும். காசாகப் பார்த்தால் ஒரு மதியத்துக்கு 14 முதல் 17 ரூபாய்தான் கிடைக்கும், இரண்டு கூடைக்கு மேல் ஒரு வீட்டுக்குத் தேவையும் இல்லை. ஆனால் குழந்தை எழுந்து அழுதால் அப்படியே போட்டுவிட்டு ஓடலாம். மாவு பாதியில் நிற்க முடியாது, மெஷின் ஊசியைத் திறந்து வைத்துவிட்டு எழக்கூடாது, கூடை மூலையில் காத்திருக்கும். விட்டாலும் நஷ்டம் 180 ரூபாய்தான்.

வடாமைப் பற்றி அவளிடம் முதலில் சொன்னது, இப்போது பேசாதே என்பதுதான். ஐப்பசி கார்த்திகையில் வடாம் போட்டால் பூஞ்சணம்தான் பிடிக்கும். மாசி கடைசியிலிருந்து சித்திரை வரைதான் அதற்கு நாள். ஒரு கிலோ பச்சரிசி மாவுக்கு நூறு கிராம் ஜவ்வரிசி, பச்சை மிளகாய், உப்பு, பெருங்காயம், எலுமிச்சைச் சாறு. விடியற்காலை கூழ் காய்ச்சி, வெயில் ஏறுவதற்குள் பழைய வேட்டியில் பிழிந்துவிட வேண்டும். மாலையில் வேட்டியைத் திருப்பிப் போட்டு, பின்பக்கம் தண்ணீர் தெளித்தால் கழன்று வரும். இன்னும் இரண்டு நாள் காய்ந்தால் ஒரு வருடத்துக்குக் கெடாது. செலவு கேஸ் சேர்த்து 120 ரூபாய்க்குள். கடையில் கால் கிலோ 70 ரூபாய். பெரிய மிச்சம் போலத் தெரிகிறது, ஆனால் அவள் வருடத்துக்கு ஒரு கிலோ வடாம் வாங்குகிறவளா? கேட்டேன், இரண்டு பாக்கெட்டாம். டப்பா நிறைய வடாம் இருந்தால் வாரத்துக்கு மூன்று நாள் பொரிப்போம், எண்ணெய் டின் சீக்கிரம் காலியாகும். இந்தச் செலவை எந்த நோட்டிலும் யாரும் எழுதி நான் பார்த்ததில்லை, என் நோட்டு உட்பட. அதனால் மிச்சம் என்று சொல்லி வடாம் போடாதே, பிழிந்து முடித்த மீதிக் கூழைச் சுடச்சுட ஒரு கிண்ணத்தில் போட்டு நல்லெண்ணெய் விட்டுச் சாப்பிடுவதற்காகப் போடு என்றேன். பாதி காய்ந்த வடாமைத் திருடித் தின்பதற்குக் குழந்தையும் இருக்கிறது.

அவளுக்குச் சொன்னது

மறுநாள் கூப்பிட்டு இப்படிச் சொன்னேன். "உன் அம்மா பரணில் இருக்கும் கிரைண்டரை அடுத்த முறை போகும்போது எடுத்து வா. அதுவரை மிக்ஸியில் அரை. ஜன்னலில் வெந்தயம் போடு. ஒரு மாதம் கையூசியில் ஒரு தலையணை உறை தைத்துப் பார். அதை முடித்தால் மெஷின் வாங்கலாம், முடிக்காவிட்டால் மெஷினும் முடியாது. தோட்டம் பிறகு." 

அவள் கொஞ்சம் ஏமாந்துதான் போனாள். "சித்தி, ஐயாயிரம் அப்படியே இருக்கிறதே. எதுவுமே வாங்கச் சொல்லவில்லையே?" என்றாள். பொருள் வீட்டுக்கு வந்தால்தான் வேலை தொடங்கியது போல ஒரு திருப்தி வருகிறது. எனக்கும் அப்படித்தான் இருந்தது, அந்தத் திருப்தியின் மேல் எட்டு மாதம் துணி மடித்து வைத்தேன் என்று நினைவூட்டினேன்.

ஒருவேளை அவளுக்குச் சொந்த வீடும் கீழே நாலடி மண்ணும் இருந்திருந்தால் கதை மாறியிருக்கும். முருங்கைப் போத்து ஒன்றையும் வாழைக்கன்று ஒன்றையும் நட்டுவிட்டு வா என்று முதல் வாக்கியத்திலேயே சொல்லியிருப்பேன். ரவிக்கை தைக்க ஏற்கெனவே தெரிந்தவளாக இருந்திருந்தால் யோசிக்காமல் மெஷின். வாரம் ஒரு கிலோ மாவுகூட ஆகாத வீட்டில் கிரைண்டரைப் பற்றிப் பேச்சே எடுக்கக்கூடாது, கடை மாவே சரி.

கார்த்திகை தீபத்துக்கு ஊருக்கு வந்தவள் கிரைண்டரைச் சாக்கில் கட்டி பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு போனாள். பெல்ட் மாற்றியதும் சுத்தம் செய்ததும் சேர்த்து 350 ரூபாய் ஆனதாம். மார்கழிக் குளிரில் மாவு பொங்கவில்லை என்று ஒரு முறை அழுதாள். பதினான்கு மணி நேரம் பொறு, உப்புப் போட்டுக் கையால் கரை, பாத்திரத்தைப் போர்வையில் சுற்றி வை என்றேன். அடுத்த நாள் காலை பொங்கி வழிந்து போர்வையைத் துவைக்க வேண்டி வந்தது. தலையணை உறை ஒன்று முடிந்தது, இரண்டாவது பாதியில் நிற்கிறது. தை மாதம் மெஷின் வாங்கவில்லை. என்ன காரணம் என்று நான் கேட்கவில்லை.

பங்குனி முதல் வாரத்தில் மறுபடி கூப்பிட்டாள். பொங்கியெழுந்த மாவில் வாரா வாரம் ஒரு கிண்ணம் கீழ்வீட்டு அம்மாவுக்குப் போய்க்கொண்டிருந்திருக்கிறது. போன ஞாயிற்றுக்கிழமை அந்த அம்மாவே படியேறி வந்து, "வெயில் நன்றாக அடிக்கிறதே, மாடி சும்மாதானே கிடக்கிறது" என்று சாவியைக் கொடுத்தாராம். இரண்டு பேருமாகச் சேர்ந்து வடாம் போடப் போகிறார்கள்.

"சித்தி, இங்கே காக்காய் ரொம்ப அதிகம். என்ன செய்வது?"

"வீட்டில் கறுப்புக் குடை இருக்கிறதா?" என்றேன்.